தன் பெயரில் நாற்பத்து மூன்று பசுக்கள்

டார்லா ஹெக்கரைத் தெரியாதவர்கள் எங்கள் டன்மோர் கவுண்டியில் கிடையாது. ஆனால் ஊரில் இருக்கும் அரசாங்கப் பண்ணை அலுவலகத்துக்கு மட்டும் அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகும் வரை அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

ஹெக்கர் நிலம் எங்கள் நிலத்துக்கு அடுத்தது. நடுவே நாலு மைல் நீளத்துக்குக் கம்பிவேலி. பனிக்காலம் முடிந்து அதைப் பழுது பார்க்கும்போது எங்கள் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் மெர்ல் போவார், அந்தப் பக்கமிருந்து டார்லா வருவாள். நிலத்துக்குச் சொந்தக்காரனான அவள் அண்ணன் லோரன் வேலிப்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு எந்திரங்கள் பிடிக்கும், ஏலக்கூடம் பிடிக்கும், அங்கே காப்பி குடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவது ரொம்பவே பிடிக்கும். மாட்டுப் பாடு முழுக்க டார்லா தலையில்.

ராப்பிட் சிட்டியில் செவிலியர் படிப்பில் கடைசி வருஷம் இருந்தபோது அவள் அப்பா எமிலுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மார்ச் மாதம், பசுக்கள் கன்று ஈனும் பருவம். லோரன் ஒருவனால் சமாளிக்க முடியவில்லை. இந்தப் பருவம் முடிந்ததும் திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரியில் சொல்லிவிட்டு வந்தவள்தான். பிறகு ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், "அந்தப் பருவம் இன்னும் முடியல" என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவன் வந்துகொண்டிருந்தான், வேலி அடைக்கிறவன். மொன்டானாவில் வேலை கிடைத்துப் போனான். கூட வரச் சொன்னான். பிப்ரவரி மாதத்தில் வந்து கேட்டான், பாவம். இங்கே பசுக்கள் நிறைமாதமாக நிற்கும் பிப்ரவரியில் மாட்டை விட்டுவிட்டு யாராலும் எங்கேயும் போக முடியாது.

எமில் அவளுக்குச் சம்பளம் என்று கொடுத்ததில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு கிடேரிக் கன்றை அவளே பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவள் பேரில் தனியாகச் சூட்டுக்குறியும் பதிவு செய்து கொடுத்தார். மல்லாந்து கிடக்கும் டி எழுத்து. எங்கள் பக்கத்தில் ஒரு மாடு யாருடையது என்பதற்கு அதன் விலாவில் இருக்கும் சூட்டைவிடப் பெரிய சாட்சி கிடையாது. எமில் இறந்தபோது நிலம் முழுக்க லோரன் பேருக்குப் போனது. டார்லாவுக்கு அவள் மாடுகளும், கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் இருந்த தகரச் சுவர் வீடும். அந்த வீடு அவளுக்கு என்று எழுத்தில் எதுவும் இல்லை. "டார்லாவுக்கு எப்பவும் இங்க இடம் உண்டு" என்று எமில் வாயால் சொன்னதுதான்.

லோரன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கொட்டகை தீப்பிடித்தபோது முதல் ஆளாக வந்தவன் அவன். ஆனால் கூடவே இருப்பதைக் கண்ணில் காணாத ஒரு குணம் சிலரிடம் உண்டு. அக்டோபரிலேயே பனிப்புயல் வந்து மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்த வருஷம், டார்லாவின் பசுக்களில் பதினொன்று ஓடையில் விறைத்துக் கிடந்தன. செத்த மாட்டுக்கெல்லாம் அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுத்தது. ஒரே காசோலையாக லோரன் பேருக்கு வந்தது. அவன் அதில் புல்லுக்கட்டுப் போடும் எந்திரம் வாங்கினான். அதை ஓட்டியதும் டார்லாதான்.

இரண்டாயிரத்து இருபதில் நோய் வந்தது. முதலில் அது எங்களுக்கு டெலிவிஷனில் ஓடும் பட்டணத்துச் சங்கதி. ஏப்ரலில் பெரிய இறைச்சிக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடியபோதுதான் உறைத்தது. கடையில் கறி இல்லை. எங்களிடம் இருந்த மாட்டை வாங்க ஆளும் இல்லை. விலை கிணற்றில் போட்ட கல்லாக இறங்கியது. அதன் பிறகு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு, விற்றதற்கு இவ்வளவு, கையில் இருப்பதற்கு இவ்வளவு. மாட்டுக்காரர் சொல்வதை நம்பிப் பதிந்துகொள்வார்கள்; பொய் என்று பிறகு தெரிந்தால் சிக்கல்.

மே கடைசிச் சனிக்கிழமை ஹெக்கர் வீட்டில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். நோய்க்காலம் என்று யாரும் வராமல் இருக்கவில்லை. ஒரே ஒருவர் முகக்கவசம் போட்டு வந்தார். பேங்க்கைக் கொள்ளையடிக்கவா வந்தே என்று கேட்டுக் கேட்டே அதைக் கழற்ற வைத்துவிட்டார்கள். நாங்கள் கன்றுகளைப் பிடித்து அழுத்த, லோரன் ஊசி போட, டார்லா சூட்டுக்கோலோடு நின்றாள். ஒரே நெருப்பில் இரண்டு கோல்கள். தாய்ப்பசு எதுவோ அதன் குறி கன்றுக்கு.

"எத்தனை மாடு எழுதிக் குடுத்தே, லோரன்?" என்று மெர்ல் கேட்டார்.

"எல்லாத்தையும்தான். கன்னோட சேத்து ஐந்நூத்துச் சொச்சம். ஆரம்பிச்ச அன்னிக்கே போன் பண்ணிட்டேன்."

"அரசாங்கம் காசு குடுத்துக் குடுத்தே நாட்டைச் சோம்பேறியாக்கிருச்சுன்னு போன மாசம்தானேய்யா கத்திக்கிட்டு இருந்தே?"

"சோம்பேறியாக எனக்கு நேரம் எங்க இருக்கு? அதான் எனக்குக் குடுத்தாத் தப்பில்ல."

எல்லாரும் சிரித்தோம். எங்கள் வீட்டிலும் எழுதிக் கொடுத்தாயிற்று என்பதால் மெர்லும் அதற்கு மேல் பேசவில்லை. டார்லா மட்டும் கோலை நெருப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ஐந்நூத்துல என் மாடும் சேத்தியா அண்ணே?"

"சேக்காம? எல்லாம் ஒரே புல்லைத்தானே தின்னுது."

"புல்லு ஒண்ணுதான். சூடு வேற. நாப்பத்து மூணு பசு என்னது."

"சரிதான், இப்ப எங்க போயிருச்சு உன் மாடு? கோலை எடு, ஆறிடப் போவுது."

அவள் கோலை எடுத்தாள். அடுத்த கன்று அவளுடையது. விலாவில் மல்லாந்த டி-யை வழக்கத்தைவிட நிதானமாக அழுத்தினாள் என்று எனக்குப் பட்டது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை அவள் பண்ணை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நோய்க்குப் பயந்து அங்கே கதவைப் பூட்டி எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவள் ரோண்டா, டார்லாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பின்னால் படித்தவள். இந்தப் பேச்சை டார்லா அப்படியே என்னிடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

"டார்லாக்கா, உங்க பேரு கம்ப்யூட்டர்லயே இல்லையே. உங்க அண்ணன் பேர்ல பாக்கட்டா?"

"வேணாம். அவன் மாடு இல்ல இது, என்னது."

"அப்ப சில கேள்வி கேக்கணும், கோச்சுக்காதீங்க. யாரு வளக்குறா?"

"நான்தான்."

"வித்தா காசு யாருக்கு?"

"அண்ணன் பேர்லதான் எல்லாம் போகும். என் பங்கைக் குடுத்துடுவான். பெரும்பாலும்."

"ஒரு பசு செத்தா நஷ்டம் யாருக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டதும் டார்லாவுக்கு ஓடையில் கிடந்த பதினொன்றும் ஞாபகத்துக்கு வந்தன. "எனக்குத்தான் நஷ்டம்" என்று சொன்னாளாம். "அழல. ஆனா முப்பத்தாறு வருஷத்துல என்னைப் பாத்து யாரும் இதைக் கேட்டதில்ல" என்றாள் என்னிடம்.

"அப்படின்னா நீங்கதான் மாட்டுக்காரி. புதுசாப் பதிஞ்சுடலாம்" என்றாள் ரோண்டா. பிறகு கொஞ்சம் தயங்கி, "அக்கா, ஒரே மாட்டுக்கு ரெண்டு பேரு காசு வாங்க முடியாது. வேற யாரு என்ன எழுதினாங்கன்னு நான் சொல்லக் கூடாது. வீட்ல ஒரு வார்த்தை பேசிடுங்க."

அன்று சாயங்காலமே டார்லா எந்திரக் கொட்டகைக்குப் போனாள். லோரன் புல் வெட்டும் எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். அங்கே நடந்ததை அவன் மனைவி கான்னி எனக்குச் சொன்னாள். காப்பி கொண்டு போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாளாம்.

"என் மாட்டை உன் கணக்குலேருந்து எடுத்துடு, அண்ணே. நான் தனியா எழுதறேன்."

அவன் வெளியே வரவில்லை. "எதுக்கு? வர்ற காசுல உனக்கு ஏதாவது தர்றேன்."

"ஏதாவது வேணாம். என்னது வேணும்."

அதற்குப் பிறகுதான் வெளியே வந்தான். "முப்பத்தாறு வருஷமா உன் மாடு என் புல்லைத் தின்னுது. ஒரு நாள் வாடகை கேட்டிருக்கேனா?"

"முப்பத்தாறு வருஷமா உன் மாட்டுக்குப் பிரசவம் பாத்திருக்கேன். ஒரு நாள் கூலி கேட்டிருக்கேனா?"

"அப்ப கணக்குப் பாத்துடலாமா?"

"பாத்துடலாம். இப்பவே உக்காருவோம்."

லோரன் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீசினான். பிறகு அதைக் காணாமல் தேடினான். கான்னி உள்ளே வந்து காப்பியை வைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், அதிகம் பேசமாட்டாள். "உன்னது இல்லாத மாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கே, லோரன். அது பொய்க் கையெழுத்து. நாளைக்குக் காலைல நானே ரோண்டாவைக் கூப்பிட்டு மாத்தச் சொல்லப் போறேன். நீ திட்டணும்னா இன்னிக்கு ராத்திரியே திட்டிடு."

அவன் திட்டவில்லை. மறுநாள் எண்ணிக்கையைத் திருத்தினார்கள். அதோடு அண்ணன் தங்கை பேச்சும் நின்றது.

நின்றது என்றால், வேலை நிற்கவில்லை. ஜூன், ஜூலை முழுக்க இரண்டு பேரும் ஒரே வயலில் புல் வெட்டினார்கள், கட்டுப் போட்டார்கள், ஏற்றினார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் டிங்கர் என்ற நாயிடம் சொன்னார்கள். நானே காதால் கேட்டேன்.

"டிங்கர், அந்தம்மாகிட்டச் சொல்லு, கிழக்குப் பக்கம் வேலி அறுந்து கிடக்குன்னு."

"டிங்கர், அதை நேத்தே கட்டியாச்சுன்னு சொல்லு. கண்ணு தெரியலன்னா டாக்டரைப் பாக்கச் சொல்லு."

நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஜூலையில் டார்லாவின் பேங்க் கணக்கில் பணம் ஏறியது. பெரிய தொகை இல்லை. ஒரு நல்ல பசுவின் விலைகூட வராது. ஊர்க்காரர்கள் விடுவார்களா? தீவனக் கடையில் ஒருவர், "என்னம்மா, அரசாங்கத்துக்கு மருமகளாயிட்டியாமே?" என்றார். "நான் இப்பத்தான் வாக்கப்பட்டேன். நீங்கள்லாம் எத்தனை வருஷமாச் சம்பந்தி" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். கடையில் கணக்கு எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பணத்தை அவள் தொடவில்லை.

அக்டோபர் கடைசியில் லோரனுக்குக் காய்ச்சல் வந்தது. ஜலதோஷம் என்றான். ஐந்தாறு நாளில் மூச்சு விட முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்தது. ராப்பிட் சிட்டியில் படுக்கை இல்லை. மாநிலத்தின் அந்தக் கோடிக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். கான்னிக்கும் காய்ச்சல், வீட்டை விட்டு வரக் கூடாது. டார்லா தினமும் அவள் வாசல்படியில் சூப்பை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பேசிவிட்டு, மாட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்பனைக்கு அனுப்ப வேண்டும். லாரிக்குச் சொல்லியாயிற்று, தள்ளிப்போட முடியாது. நானும் மெர்லும் போனோம். மூன்று பேருமாக விடியற்காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் பட்டிக்குள் அடைத்தோம். சூட்டுக்குறி பார்த்துச் சீட்டு எழுதும் இன்ஸ்பெக்டர் ஹோபி வந்தார். பல வருஷமாக அங்கே வருகிறவர்.

"வழக்கம்போல எல்லாத்தையும் லோரன் பேர்லயே எழுதிடட்டுமா?"

டார்லா பட்டிக் கதவைத் தாழிட்டாள். அவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது இதைப் பிரிக்க வேண்டுமா என்று நான் நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருப்பாள்.

"இல்ல ஹோபி. என்னதை என் பேர்ல எழுதுங்க, அண்ணனதை அண்ணன் பேர்ல எழுதுங்க. ஒரு கன்னுகூட மாறிப் போகக் கூடாது."

ஒவ்வொன்றாக விலாவைப் பார்த்துப் பிரித்தோம். ஒரு கன்றின் சூடு கலங்கிப் போயிருந்தது. மல்லாந்த டி-யா, ஹெக்கர் குறியா என்று ஹோபியால் சொல்ல முடியவில்லை. மயிரை மழித்தும் பார்த்தார். "இது யாருது?"

"அவன் பேர்ல போடுங்க" என்றாள் டார்லா. "ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு."

ஏலம் முடிந்த சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் போனை லோரன் காதில் வைத்தாள். கொட்டகையில் பேசிக்கொண்டதற்குப் பிறகு நாய் இல்லாமல் இரண்டு பேரும் பேசியது அன்றுதான். அவன் மூச்சு இரைக்கும் சத்தம் எனக்கே கேட்டது. நான் அவள் பக்கத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன... வில... போச்சு?"

"நூறு பவுண்டு எடைக்கு உன்னது நூத்தி நாப்பத்தெட்டு டாலர். என்னது நூத்தி அம்பத்திரண்டு."

"ஏன்... உனக்கு மட்டும்... கூட?"

"என் கன்னு எடை கம்மி. எடை கம்மின்னா பவுண்டுக்கு வில கூடத்தான் போகும். இத்தனை வருஷமா விக்கிறே, இதுகூடத் தெரியாதா?"

அவன் சிரிக்கப் போய் இருமல் வந்து, நர்ஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள். டார்லா வண்டியின் விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். "சிரிச்சான்" என்றாள். "கேட்டியா, சிரிச்சான்." அப்போதுதான் அழுதாள்.

இரண்டாவது தவணை நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியபோது லோரன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தான். கணவனுக்காக மனைவி கையெழுத்துப் போடலாம் என்று ரோண்டா சொன்னாள். எத்தனை கன்று என்று கான்னிக்குத் தெரியாது. டார்லா சொன்ன எண்ணிக்கையை எழுதினாள்.

லோரன் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வந்தான். மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த சிலிண்டர், சட்டைக்குள் பாதி ஆள். அடுத்து வந்த கன்று ஈனும் பருவத்தை டார்லா ஒருத்தியே பார்த்தாள். மெர்ல் முடிந்தபோதெல்லாம் உதவிக்குப் போனார். லோரன் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வான். அவள் காதில் வாங்காவிட்டால் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் அவள் கையெல்லாம் ரத்தமும் நீருமாக வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் மாதத்தில் அவனே கான்னியிடம் சொன்னான்: "அன்னிக்குக் கணக்குப் பாக்கலாமான்னு கேட்டேனே. அவளைக் கூப்பிடு, பாப்போம்."

மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். புல்லுக்கு வாடகை ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம். கூலியை மிகக் குறைத்துப் போட்டும், முதல் பத்து வருஷத்துக்குள்ளேயே அவன்தான் தரவேண்டியவன் என்று தெரிந்துவிட்டது. கான்னி அதற்கு மேல் எழுதாமல் நிறுத்திவிட்டாள். லோரன் தன் சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"இதை என்னால குடுக்க முடியாது, டார்" என்றான்.

"தெரியும்."

"நிலத்தை வித்தாத்தான் உண்டு."

"நிலத்தை வித்துட்டு என் மாட்டை எங்க மேய்ப்பேன்? லூசு மாதிரிப் பேசாத."

கடைசியில் இப்படி முடிந்தது: இனிமேல் அவள் மாடுகளுக்குத் தனி மேய்ச்சல் நிலம், அதற்கு அவள் வாடகை கொடுப்பாள், அவன் அவளுக்கு மாதச் சம்பளம் கொடுப்பான், இரண்டும் எழுத்தில். தகரச் சுவர் வீடும், அதைச் சுற்றிப் பத்து ஏக்கரும், கொட்டகையும் அவள் பேருக்கு. பழைய பாக்கியை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லியும் விட்டேன்.

"பத்து ஏக்கர்ல ரெண்டு மாடுகூட ஒழுங்கா மேயாது" என்றாள். "ஆனா எந்திரிச்சுப் போன்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது பாரு. எனக்கு அது ஒரு பயமா இருந்திருக்கு. அந்தப் பயம் போன பிறகுதான் தெரியுது."

அந்தப் பனிப்புயல் பணத்தைப் பற்றி இரண்டு பேரும் இன்றுவரை பேசவில்லை. அவள் மறக்கவும் இல்லை.

நிவாரணம் இரண்டு தவணையும், தன் பேரில் கன்று விற்ற காசில் கொஞ்சமும் போட்டு அந்த வசந்தத்தில் ஒரு காளை வாங்கினாள். சிவப்புக் காளை. ஹெக்கர் மந்தை எமில் காலத்திலிருந்தே முழுக்கக் கறுப்பு. லோரனின் காளைக்குக் காத்திருக்காமல் தன் பசுக்களுக்குத் தன் காளை என்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். லோரன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காளையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"சிவப்பா? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அதை என் மந்தைக்குள்ள விட்ராத."

"வேலி நல்லா இருந்தா அது ஏன் வருது? நீ உன் வேலியைப் பாத்துக்க."

அவன் வேலியைப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் காளை இரண்டு நாள் காணாமல் போய், ஒன்றும் தெரியாத மாதிரித் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் லோரனின் கறுப்புப் பசுக்களில் ஆறேழு, சிவப்புக் கன்றாகப் போட்டன. அவன் குழாயெல்லாம் கழற்றிவிட்டிருந்தான் அப்போது. எங்கள் வீடு வரை வந்து முறையிட்டான். நாங்கள் சிரித்தோம். அவன் நேரே டார்லாவிடம் போனான்.

"இது யாரு கன்னு இப்ப? சொல்லு."

"தாய் யாருது?"

"என்னது."

"அப்ப உன்னதுதான். தலைக்கு எழுபத்தஞ்சு டாலர் காளைக்கூலி எடுத்து வை."

கொடுத்தான். ரொக்கமாக இல்லை, காசோலையாக, அவள் பேருக்கு. இப்போது அவளிடம் அறுபது பசுக்களுக்கு மேல் இருக்கின்றன. வேலி வேலைக்கு இந்த வருஷமும் மெர்ல் போனார். அந்தப் பக்கமிருந்து டார்லாதான் வந்தாள்; லோரன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், ஆணி டப்பாவை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டினான்.